ஆங்கிலேய முப்பாட்டனைத் தேடி: ஞானஸ்நானப் பதிவேடுகள் காட்டும் வழி

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கலாகாது என்பார்கள் நம் பெரியோர். ஆயினும் மூலம் தேடுவோர் நம் பங்கு அலுவலகங்களின் வாசலுக்கு வருவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் குடியேறிவிட்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், ஒரு பழைய புகைப்படத்தையும் தாளில் குறித்த ஒரு பெயரையும் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். “எங்கள் முப்பாட்டனார் ஆங்கிலேயத் துரை. பட்டாளத்தில் கர்னலாக இருந்தாராம். அவர் பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா, ஃபாதர்?” என்பதுதான் பெரும்பாலோரின் விண்ணப்பம்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தால் கர்னல் அகப்படுவது அரிது. அகப்படுபவர் ஒரு பீரங்கிப் படை வீரர், ஒரு சார்ஜண்டு, அல்லது ஒரு ரயில்வே டிரைவர். அவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்ணின் பெயரும் இருக்கும். வந்தவர்கள் துரையின் பெயரைக் குறித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள பெயரைப் பாராமலே புறப்பட்டு விடுகிறார்கள். அந்தப் பக்கத்துப் பெயரைக் குறித்துச் சிறிது சொல்லவே இந்த ஜூபிலி மலரில் இடம் கேட்டுப் பெற்றேன்.

கோட்டையும் கோயிலும்

1639-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் பெற்ற உரிமையைக் கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கோட்டை ஆங்கிலேயருடையது. ஆனால் அங்கே முதலில் வந்து நிலைத்த குரு பிரெஞ்சு நாட்டுக் கப்புச்சின் சபைத் துறவியான எப்ரேம் தெ நெவேர் சுவாமிகள். 1642-இல் பெகு நாட்டுக்குப் போகும் வழியில் வந்து இறங்கியவரைக் கோட்டையிலிருந்தோர் வேண்டி நிறுத்திக்கொண்டார்கள். சாந்தோமிலிருந்து வந்து குடியேறிய போர்த்துகீசியக் குடும்பங்களுக்கு ஒரு குரு தேவைப்பட்டார். அந்தக் குடும்பங்கள் அங்கே நிலைப்பது கம்பெனிக்கும் தேவையாயிருந்தது. ஆங்கிலேயர் தங்கள் வழிபாட்டுக்கென்று புனித மரியாள் ஆலயத்தைக் கோட்டைக்குள் கட்டி அர்ச்சித்ததோ 1680 அக்டோபர் 28-ஆம் நாள்தான்.

கப்பலேறி வந்த ஆங்கிலேய வீரர்களுக்கு அவர்கள் நாட்டுப் பெண்கள் இங்கே மிகக் குறைவு. ஆகவே போர்த்துகீசிய வம்சத்துப் பெண்களையும் நம் ஊர்ப் பெண்களையும் மணந்துகொண்டார்கள். பெண் கத்தோலிக்கர் என்றால் திருமணம் கப்புச்சின் சுவாமிகளிடம். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் அவர்களிடமே. பிள்ளைகள் எல்லாம் ரோமன் கத்தோலிக்கராக வளர்ந்துவிடுவார்கள் என்ற கவலை கம்பெனியாரைப் பிடித்துக்கொண்டது. புனித மரியாள் ஆலயம் அர்ச்சிக்கப்பட்ட அதே 1680-இல், கவர்னர் ஸ்டிரெயின்ஷம் மாஸ்டரின் ஆலோசனைச் சபை ஒரு தீர்மானம் செய்தது. புராட்டஸ்டாண்டு ஆண் கத்தோலிக்கப் பெண்ணை மணப்பதானால், பிறக்கும் பிள்ளைகளைப் புராட்டஸ்டாண்டு மதத்தில் வளர்ப்பதாக இருவரும் வாக்களிக்க வேண்டும் என்பது அத்தீர்மானம். பிற்காலத்தில் நம் திருச்சபை கலப்புத் திருமணங்களில் கேட்டு வாங்கிய வாக்குறுதியை அன்று கம்பெனி எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறது!

ஏழாண்டுகள் கழித்து, 1687-இல், லண்டனிலிருந்த இயக்குநர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். சென்னை வீரர்கள் சுதேசிப் பெண்களை மணப்பது பிற்காலத்துக்கு மிக முக்கியமானது என்றும், அப்படிப்பட்ட திருமணத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஞானஸ்நான நாளன்று தாயின் கையில் ஒரு தங்க வராகன் கொடுக்கலாம் என்றும் எழுதினார்கள். கோட்டையில் பிறந்து வளரும் பிள்ளைகள் கோட்டைக்கே வீரராவார்கள் என்பது அவர்கள் கணக்கு. வராகன் தாயின் கைக்கு வரவேண்டுமானால் பிள்ளையின் ஞானஸ்நானம் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும் அன்றோ? ஆகவே எழுத்து பெருகியது.

ஏட்டைத் தேடும் முறை

மூதாதையரைத் தேடுவோர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, மேலிருந்து கீழே வரக்கூடாது என்பதே. “இங்கிலாந்தில் இன்ன பிரபு குடும்பம் இருந்தது, நமக்கும் அதே பெயர், ஆகவே நாம் அந்த வம்சம்” என்று தொடங்கியவர்கள் பலர் காட்டில் விழுந்திருக்கிறார்கள். தன் தகப்பனாரின் ஞானஸ்நானச் சான்றிதழில் தொடங்கி, பாட்டனார், முப்பாட்டனார் என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். ஒரு படிக்குச் சான்று கிடைக்கும் முன் அடுத்த படியில் கால் வைக்கலாகாது.

இங்கே கம்பெனியின் பழக்கம் ஒன்று பெரிய உபகாரமாகிறது. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு வந்தன. வங்காளத்துக்கு 1713-இலும் பம்பாய்க்கு 1709-இலும் தொடங்கியது நம் மாகாணத்துக்கு அவற்றுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அவை இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சேர்ந்து, 1982 முதல் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கப்பலேறிய வீரர்களின் பட்டியல்களும் அங்கே உண்டு. சாதாரண வீரனுக்குங்கூட வயது, பிறந்த ஊர், முன்பு செய்த தொழில், உயரம், தலைமயிரின் நிறம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். பெற்ற தாய்க்கும் மறந்துபோகக்கூடிய அடையாளங்களைக் கம்பெனி குமாஸ்தா மறக்கவில்லை. அதிகாரியாகச் சேர வந்த இளைஞனானால் வயதை நிரூபிக்கத் தன் ஞானஸ்நானச் சான்றையே கொடுத்திருப்பான். அந்தத் தாள் கிடைத்தால் கடல் தாண்டி இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்ப் பங்கு வரை நேரே போய்விடலாம்.

கல்லறைக் கல்வெட்டுகளும் உதவும். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்பவர் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-இல் வெளியிட்ட நூல் இன்றும் தேடுவோரின் கைவிளக்கு. ஆனால் கல்லைக் கண்டவுடன் அங்கேதான் மூதாதையர் துயில்கிறார் என்று மலர் வைத்துவிட வேண்டாம். 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்த ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டது. முற்றுகைக்குப் பிறகு அங்கிருந்த கற்கள் பெயர்க்கப்பட்டுப் புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்டன. கல் ஓரிடம், ஆள் ஓரிடம்.

இங்கிலாந்துக்குள் நுழைந்த பின் வேறொரு தொல்லை உண்டு. எட்டாம் ஹென்றி அரசனின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் இட்ட கட்டளையால் அங்கே ஒவ்வொரு பங்கிலும் பதிவேடு வைக்கத் தொடங்கினார்கள். ரோமையோடு உறவை முறித்துக்கொண்ட அரசனின் ஆட்சியில் பிறந்த ஏற்பாடு. நம் திரிதெந்தீன் பொதுச்சங்கம் திருமணப் பதிவை 1563-இல் கட்டாயமாக்குவதற்கு 25 ஆண்டுகள் முந்தியது. ஆனால் நாள்காட்டியில் அவர்கள் பிந்தினார்கள். பாப்பரசர் 13-ஆம் கிரகோரியார் 1582-இல் திருத்திய நாள்காட்டியை ஆங்கிலேயர் 1752 வரை ஏற்கவில்லை. அதுவரை இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-ஆம் நாள், அதாவது நம் மங்கள வார்த்தைத் திருநாளன்று! ஆகவே 1735 பிப்ரவரி என்று அவர்கள் ஏட்டில் கண்டால் நம் கணக்கில் அது 1736. 1735 ஏப்ரலில் திருமணம், அதே 1735 பிப்ரவரியில் குழந்தை என்று படித்துவிட்டுக் குடும்ப மானம் போயிற்றே என்று கலங்கத் தேவையில்லை. நாள் கணக்கிலும் வேற்றுமை இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஜூன் 12 என்று எழுதிய நாளில் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் ஜூன் 1 என்று எழுதினார்கள்.

துரை ஆங்கிலேயர்தானா?

இவ்வளவும் தேடிய பின், “ஆங்கிலேய” முப்பாட்டனார் ஆங்கிலேயரே அல்லர் என்று தெரியவருவதும் உண்டு. நம் கத்தோலிக்கப் பங்குகளில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. கம்பெனிப் பட்டாளத்துக்கு அயர்லாந்து ஏராளமான ஆட்களைத் தந்தது. 1825-க்கும் 1850-க்கும் இடையில் வங்காளப் படைக்குச் சேர்ந்த ஐரோப்பிய வீரரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அயர்லாந்துக்காரர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வறுமையால் பட்டாளத்தில் சேர்ந்த கத்தோலிக்க இளைஞர்கள் அவர்களில் அநேகர். நம் ஊரார் கண்ணுக்கு எல்லாரும் வெள்ளைக்காரத் துரைகள்தான். லண்டன் துரை என்ன, டப்ளின் துரை என்ன?

அயர்லாந்து என்றவுடன் கை நழுவிவிட்டதென்று நினைப்போர் உண்டு. 1922 ஜூன் 30-ஆம் நாள் டப்ளினில் உள்நாட்டுப் போரின்போது பொது ஆவணக் காப்பகம் எரிந்து, பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த ஆங்கிலிக்கன் சபைப் பதிவேடுகள் பெருமளவு அழிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகளோ அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்படாமல் அந்தந்தப் பங்குக் குருவின் அலமாரியிலேயே கிடந்ததால் தப்பின. பின்னர் அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து, 2015 ஜூலையில் எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கும்படி வெளியிட்டது. பெருமைக்குரிய அரசுக் காப்பகம் காக்க முடியாததை ஓர் எளிய அலமாரி காத்தது.

இங்கிலாந்தின் கத்தோலிக்கர் நிலை வேறு. அங்கே 1754 முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர யாராயினும் ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் சட்டப்படி மணமுடிக்க முடியும். கத்தோலிக்க மூதாதையரின் திருமணத்தைக் கத்தோலிக்க ஏட்டில் காணாமல் ஆங்கிலிக்கன் ஏட்டில் கண்டால், அவர் மதம் மாறினார் என்று முடிவு கட்டிவிடலாகாது.

பெயர்களிலும் கவனம் வேண்டும். நம் பழைய பதிவேடுகள் லத்தீனில் எழுதப்பட்டவை. வில்லியம் அங்கே குய்லியெல்முஸ் ஆகிறார். ஜேம்ஸ் என்பவர் யாக்கோபுஸ். பிரெஞ்சுச் சுவாமியார் எழுதியிருந்தால் ஜாக், போர்த்துகீசியர் எழுதியிருந்தால் தியாகோ, நம் உபதேசியார் தமிழில் எழுதியிருந்தால் யாகப்பர். அதேபோல் ஜான் துரை அருளப்பராகவும் பீட்டர் துரை ராயப்பராகவும் நம் ஏடுகளில் இருக்கக்கூடும். ஆங்கில எழுத்துகளை மட்டும் தேடிவிட்டு “இல்லை” என்று திரும்பிப் போகிறவர்கள் வீணே திரும்புகிறார்கள்.

தாயின் பெயர்

ஆண்வழியே தேடினால் ஓர் ஊரும் ஒரு தொழிலும் கிடைக்கின்றன. பெண்வழியே தேடினால் பல இடங்களில் சுவர்தான் எதிர்ப்படுகிறது. அக்காலத்து ஆங்கில ஏடுகளில் பிள்ளையின் பெயரும் தகப்பன் பெயரும் இருக்கும். தாய் “சுதேசிப் பெண்” என்ற இரு சொற்களில் முடிந்துவிடுவாள். சில இடங்களில் அதுவும் இல்லை. நம் கத்தோலிக்க முறையில் தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய் என்று நால்வரையும் குறிப்பது வழக்கம். அந்தத் தாய்க்கு மரியாள் என்ற ஒரு பெயர் மட்டுமே இருக்கலாம். ஆனால் ஞானத்தாயாக நின்றவள் பெரும்பாலும் அவளுடைய அக்காளோ சித்தியோ அண்டை வீட்டுக்காரியோதான். அவளுடைய பெயரையும் ஊரையும் பிடித்துக்கொண்டு போனால் மரியாள் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்பது துலங்க வழி உண்டு.

தாய் எங்ஙனம் மறைந்தாள் என்பதற்கு அரசியல் காரணமும் உண்டு. 1687-இல் வராகன் கொடுக்க முன்வந்த அதே கம்பெனி, நூறு ஆண்டுக்குப் பின் மனம் மாறியது. 1786-இல் கல்கத்தா அனாதைச் சாலையிலிருந்த கலப்பினப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வது தடுக்கப்பட்டது. 1791-இல் சுதேசித் தாயின் மகனுக்குக் கம்பெனியின் சிவில், ராணுவ, கப்பற்படை உத்தியோகம் இல்லை என்றாயிற்று. 1795-இல், தாய் தந்தை இருவரும் ஐரோப்பிய வம்சத்தவராக இல்லாதவர்கள் பட்டாளத்தில் குழலூதலாம், தம்பட்டம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். வேறு இடமில்லை என்று விதித்தார்கள். தாயைச் சொன்னால் பிழைப்புப் போகும் என்றால் யார் சொல்வார்கள்? கறுத்த கண்ணுக்கும் மாநிறத்துக்கும் காரணம் கேட்டால், “எங்கள் பாட்டி ஸ்பெயின் தேசத்தாள்” என்ற கதை பல வீடுகளில் பிறந்தது இப்படித்தான். அந்தப் பொய்யைச் சொன்னவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை.

நம் அரசியல் சாசனமும் இதே வழியில் சென்றது. 366-ஆம் பிரிவு ஆங்கிலோ-இந்தியர் யார் என்று கூறும்போது, தகப்பனோ தகப்பன் வழி ஆண் மூதாதையரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும் என்கிறது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்த இலக்கணம் அது. பெண்வழி அதில் கணக்கே இல்லை. இந்தச் சமூகத்தாருக்கு மக்களவையில் இருந்த இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தன. இலக்கணம் மட்டும் ஏட்டில் நிற்கிறது. “சட்டைக்காரர்” என்று ஊரார் அழைத்த நம் பங்குக் குடும்பங்களின் பாட்டிமாரில் எத்தனையோ பேர் சேலை கட்டி, தமிழ் பேசி, தமிழில் ஜெபமாலை சொன்னவர்கள் என்பதற்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை.

கடலூரிலிருந்து ஒரு பிரதம மந்திரி வரை

பெண்வழியே தேடினால் எங்கே கொண்டு விடும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையைக் கம்பெனியார் 1690-இல் மராட்டியரிடமிருந்து வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை நிலம் கோட்டைக்குச் சேர்ந்தது என்பர். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. அந்தக் கோட்டையின் கவர்னராயிருந்த எட்வர்டு குரூக் என்ற ஆங்கிலேயர், இந்தியாவில் வாழ்ந்த போர்த்துகீசிய வம்சத்துப் பெண்ணான இசபெல்லா பெய்சோரை மணந்தார். குரூக் என்பதைக் குரோக் என்றும் எழுதுவர். இவ்விருவரின் மகள் பிரான்சிஸ், கல்லறை வாசகப்படி 1725 ஏப்ரல் 10-ஆம் நாள் பிறந்தவர்.

பிரான்சிஸ் அம்மையார் நான்கு முறை மணந்தார். மூன்றாம் கணவர் வில்லியம் வாட்ஸ், பிளாசிப் போருக்கு முன் மீர் ஜாபருடன் ரகசியப் பேச்சு நடத்திய அதே வாட்ஸ்தான். நான்காம் கணவர் ஜான்சன் என்ற ஆங்கிலிக்கன் குரு. “பேகம் ஜான்சன்” என்று கல்கத்தாவே அழைத்த அம்மையார், கணவர் 1788-இல் தாய்நாடு திரும்பியபோது உடன் போக மறுத்து இங்கேயே தங்கிவிட்டார். 1812 பிப்ரவரி 3-ஆம் நாள் இறந்து, கல்கத்தா புனித அருளப்பர் ஆலய வளாகத்தில் அடக்கமானார்.

வாட்ஸுக்கும் அவருக்கும் பிறந்த மகள் அமீலியா, இங்கிலாந்தில் சார்ல்ஸ் ஜென்கின்சனை 1769-இல் மணந்தார். மறு ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் ஒரு மகனைப் பெற்று, ஒரு மாதத்துக்குள் காலமானார். அந்தப் பிள்ளைதான் லிவர்பூல் பிரபு. பாட்டியார் இறந்த நான்கே மாதத்தில், 1812 ஜூன் 8-ஆம் நாள், பிரிட்டனின் பிரதம மந்திரியாகி 1827 வரை அப்பதவியில் இருந்தார். கொள்ளுப்பாட்டி இசபெல்லா வழியாக அவர் உடலில் இந்திய ரத்தமும் சிறிது ஓடியிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் கூறுகிறார்கள். ஜென்கின்சன் என்ற பெயரை மட்டும் தேடியவருக்கு இது தெரியவே வராது.

இந்த லிவர்பூல் பிரபு கத்தோலிக்கருக்குச் சம உரிமை வழங்குவதை எதிர்த்தவர். 1825-இல் கீழ்ச்சபையில் நிறைவேறிய மசோதாவைப் பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசினார், மசோதா தோற்றது. உரிமை கிடைத்தது அவர் பதவி நீங்கிய பின், 1829-இல்தான்.

விஞ்ஞானமும் இப்பொழுது தாய்வழிக்குத் துணை வந்திருக்கிறது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மரபணுக் கூறு ஒன்று உண்டு. அதைச் சோதித்து, இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் தாய்வழி மூதாட்டி எலைசா கேவார்க் இந்தியத் தாய்வழியினர் என்று 2013-இல் அறிவித்தார்கள். சூரத்து நகரில் தியோடர் போர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் இல்லத்தில் வாழ்ந்து, அவருக்குப் பிள்ளைகளைப் பெற்றவர் அவர். அர்மேனியப் பெண் என்றே குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பதிவேட்டைப் பார்க்க வருவோருக்கு

நம் பங்கின் பழைய ஏடுகளில் சில பக்கங்கள் செல்லரித்துவிட்டன. சிலவற்றில் மை காகிதத்தைத் தின்றுவிட்டது. ஆகவே தாள்களை நாமே புரட்டாமல், அலுவலகத்தில் நாள் குறித்துக்கொண்டு வந்து கேட்பது நல்லது. பிரதி எடுக்கும்போது பெயரையும் தேதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், தாயின் பெயர், ஞானப்பெற்றோர் இருவர், ஞானஸ்நானம் கொடுத்த குருவின் கையெழுத்து, முந்திய பதிவும் பிந்திய பதிவும் ஆகிய எல்லாவற்றையும் வரி பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் அடுத்தடுத்து ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் பல சமயம் ஒரே வீட்டார்.

ஓரத்தையும் பாருங்கள். 1908-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முதல், ஒருவர் எங்கே மணமுடித்தாலும் அச்செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அவருடைய பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நூறாண்டுக்கு மேலாக இப்படி எழுதப்பட்ட பொடி எழுத்துகளில், இங்கே ஞானஸ்நானம் பெற்று வேற்றூரில் மணமுடித்தவளின் கணவர் பெயரும், திருமணம் நடந்த ஆலயமும், நாளும் கிடைக்கும். குடும்பங்களில் பாட்டிமாரின் பழைய ஜெபப்புத்தகங்களின் முதல் தாளில் பிறந்தநாளும் இறந்தநாளும் குறித்திருந்தால், அதையும் கொண்டுவந்து காட்டுங்கள். ஏட்டில் மங்கிப்போன வரியைப் படிக்க அதுவே துணையாகும்.